தனியாக இருக்கும் ஆப்பிரிக்கன் லவ் பேர்டுக்குத் துணை சேர்ப்பது: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் பறவைக் கடைக்குப் போய் "லவ் பேர்ட்ஸ் இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் பட்ஜியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். நீண்ட வால், கழுத்தில் கறுப்புப் புள்ளிகள், பூர்வீகம் ஆஸ்திரேலியா. அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. குட்டை வால், தடித்த அலகு, 50 கிராம் சுமாருக்கு எடை. கடையில் அதற்கு "ஆப்பிரிக்கன்" என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

பெயர்தானே என்று இதை விட்டுவிடக் கூடாது. தனியாக இருக்கும் ஆப்பிரிக்கனுக்குத் துணை என்று நினைத்து ஒரு பட்ஜியை வாங்கி அதே கூண்டில் விட்டால், அலகு பலத்தில் பட்ஜி நிற்கவே முடியாது. கால்விரல் போகும், சில சமயம் உயிரே போகும். கொண்டை வைத்த காக்டெய்ல் (cockatiel) கிளிக்கும் இதே கதிதான். ஆப்பிரிக்கனுக்குத் துணை இன்னொரு ஆப்பிரிக்கன் மட்டுமே. உங்கள் வீட்டில் இருப்பது பட்ஜி என்றால் வேலை பாதிதான். அவை கூட்டமாக வாழ இலகுவாக ஒத்துக்கொள்ளும். இங்கே சொல்வதெல்லாம் ஆப்பிரிக்கனுக்கு.

துணை உண்மையிலேயே தேவையா

நாள் முழுக்க உரக்கக் கத்துவது, கண்ணாடியையோ பொம்மையையோ விட்டு நகராமல் அதற்கு இரை கக்கி ஊட்டுவது, கூண்டின் ஒரே மூலையில் முன்னும் பின்னும் நடப்பது, நெஞ்சு இறகைப் பிடுங்குவது. இவற்றைப் பார்த்ததும் "தனிமை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இறகு பிடுங்குவதற்குத் தோல் நோய், பூச்சி, அலகு-இறகு நோய் (அலகையும் இறகையும் சிதைக்கும் வைரஸ் நோய்) என்று வேறு காரணங்கள் நிறைய உண்டு. பகலில் உப்பிக்கொண்டு இரண்டு காலிலும் உட்கார்ந்து தூங்கும் பறவைக்குத் துணை தேவைப்படவில்லை, மருத்துவர் தேவைப்படுகிறார். அந்த நிலையில் இன்னொரு பறவையைக் கொண்டுவந்தால் இரண்டும் போய்விடும்.

உடம்பில் குறை இல்லை என்று உறுதியானதும் இரண்டு வாரம் ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடியை எடுத்துவிடுங்கள். தினம் 2 மணி நேரம் கூண்டுக்கு வெளியே விடுங்கள். தினையைக் கிண்ணத்தில் கொட்டாமல் காகிதச் சுருளுக்குள் மடித்து வையுங்கள். கிழித்து எடுத்துத் தின்னட்டும். முருங்கைக் கொத்து ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். கத்தல் பாதியாகக் குறைந்தால் அது வேலையில்லாத் திண்டாட்டம், அவ்வளவுதான். குறையவில்லை, வீட்டில் எல்லோரும் காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குத்தான் வருகிறீர்கள் என்றால், துணை தேடலாம்.

ஒன்றை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். ஜோடி சேர்ந்த பறவை உங்கள் தோளை முன்புபோல் தேடாது. சில பறவைகள் உங்களைக் கடிக்கவும் செய்யும். அதில் மனம் உடைந்து புதுப் பறவையைத் திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு வாங்காமலே இருக்கலாம்.

எந்தப் பறவையைத் தேர்ந்தெடுப்பது

இங்கே அதிகம் கிடைப்பவை பீச் ஃபேஸ், ஃபிஷர், மாஸ்க் என்ற மூன்று இனங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளைத் தோல் வளையம் பளிச்சென்று இருந்தால் ஃபிஷர் அல்லது மாஸ்க். பீச் ஃபேஸுக்கு அந்த வளையம் இருக்காது. லுட்டினோ, ஓபலைன், பார் ப்ளூ என்பதெல்லாம் நிறத்தின் பெயர்கள். அவற்றைப் பார்த்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். பீச் ஃபேஸையும் வளையக் கண் இனத்தையும் ஜோடி சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் மலடாக இருக்கும். ஆகவே அதே இனத்தையே தேடுங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆப்பிரிக்கன் லவ் பேர்டுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் ஃபிஷரும் மாஸ்க்கும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் 2-ஆம் பட்டியலில் இருப்பவை. அப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பீச் ஃபேஸ் அந்தப் பட்டியலில் இல்லை. எதை வாங்கினாலும் ரசீது வாங்கி வையுங்கள்.

அடுத்தது ஆணா பெண்ணா என்ற கேள்வி. பலரும் சறுக்குவது இங்கேதான். இந்த மூன்று இனத்திலும் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்துச் சொல்லும் கடைக்காரரின் கணிப்பு இளம் பறவையில் பாதி நேரம் தப்பும். பீச் ஃபேஸ் பெண், காகிதத்தை நீள நீளமாகக் கிழித்து முதுகு இறகுக்குள் செருகும். அது நல்ல அடையாளம், ஆனால் முழு உறுதி இல்லை. டிஎன்ஏ சோதனைதான் நிச்சயம். நெஞ்சிலிருந்து வேருடன் புதிதாகப் பிடுங்கிய 4 அல்லது 5 சிறு இறகு போதும், கூரியரில் வாங்கிக்கொள்ளும் ஆய்வகங்கள் உண்டு. கூண்டில் உதிர்ந்து கிடந்த இறகை அனுப்பினால் பெரும்பாலும் முடிவு வராது. புதுப் பறவையை வாங்கும் முன்பு, உங்களிடம் இருக்கும் பறவைக்கு முதலில் சோதனை செய்யுங்கள்.

ஆணும் ஆணும் அநேகமாக ஒத்துப்போகும், முட்டைத் தொல்லையும் இல்லை. ஆணும் பெண்ணும் சேரும், கூடவே முட்டையும் வரும். பெண்ணும் பெண்ணும் சேர்ப்பது கடினம். லவ் பேர்ட் பெண்தான் இடத்துக்கு உரிமை கொண்டாடுவது. இரண்டு பெண்கள் ஒரு கூண்டில் மாதக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு ஒரே நாளில் ரத்தம் பார்த்துவிடும். உங்களிடம் இருப்பது பெண் என்றால் ஆணையே தேடுங்கள்.

வயது நெருக்கமாக இருக்கட்டும். 2 வயதுப் பெண்ணோடு 2 மாதக் குஞ்சைச் சேர்ப்பது குஞ்சைப் பலி கொடுப்பது போல. அலகின் அடியில் கறுப்புத் திட்டு இன்னும் இருக்கும் பீச் ஃபேஸ் சின்னக் குஞ்சு. தானாகத் தின்னத் தொடங்கி சில வாரம் ஆன, 4 மாதம் தாண்டிய பறவை பொருத்தம். காலில் மூடிய வளையம் போட்டிருந்தால் அதில் பிறந்த ஆண்டு பெரும்பாலும் பொறித்திருக்கும். படித்துப் பார்த்து, கடைக்காரர் சொல்லும் வயதோடு ஒப்பிடுங்கள்.

வாங்கும் இடத்தில்

கூண்டுக்கு முன் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். நோயாளிப் பறவை ஆள் வந்ததும் சுறுசுறுப்பாக நடிக்கும், கொஞ்ச நேரத்தில் களைத்துத் தளரும். குச்சியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வால் மேலும் கீழும் ஆடினால் மூச்சுத் திணறல். மூக்குத் துவாரம் உலர்ந்திருக்க வேண்டும், பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. கையில் வாங்கி நெஞ்சு நடுவிலுள்ள எலும்பை விரலால் தடவுங்கள். கத்தி முனைபோல் கூர்மையாகத் தட்டுப்பட்டால் மெலிந்து போயிருக்கிறது. ஒவ்வொரு காலிலும் முன்னால் 2, பின்னால் 2 என 4 விரலும் முழுதாக இருக்கின்றனவா பாருங்கள். நகமில்லாத விரல், அந்தக் கூண்டில் சண்டை நடந்ததற்குச் சாட்சி.

40 நாள் தனியறை

இதைத் தவிர்த்துவிட்டு ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். சந்தையிலிருந்து வந்த பறவை கிளிக் காய்ச்சலையோ (சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று) அலகு-இறகு நோய்க் கிருமியையோ வெளியில் தெரியாமல் சுமந்துகொண்டிருக்கலாம். கிளிக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். பறவை வாங்கிய பின் வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருக்கிறது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேறு அறை, மூடிய கதவு, குறைந்தது 40 நாள். காற்று கலக்காத இடமாக இருக்க வேண்டும், ஒரே ஏசி ஓடும் இரண்டு மூலைகள் கணக்கில் வராது. ஒற்றை அறை வீடு என்றால் உறவினர் வீட்டில் விட்டுப் பாருங்கள், ஆனால் அங்கே வேறு பறவை இருக்கக் கூடாது. தினமும் பழைய பறவைக்கு முதலில் வேலை செய்யுங்கள், பிறகு புதியதற்கு. கையை சோப்பு போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிய பிறகுதான் மறுபடி பழைய பறவையிடம். கிண்ணம், குச்சி, துடைக்கும் துணி எல்லாம் தனித்தனி.

கூண்டுத் தட்டில் வெள்ளைக் காகிதம் விரித்து தினமும் மாற்றுங்கள். எச்சம் பச்சை, வெள்ளை, தெளிந்த நீர் என மூன்றாகப் பிரிந்து தெரிய வேண்டும். மஞ்சளாகவோ நுரைத்தோ, செரிக்காத விதையுடனோ வந்தால் சரியில்லை. கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். காலையில் தீனிக்கு முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். முதல் மூன்று நாள் 1 அல்லது 2 கிராம் குறைவது வழக்கம். 50 கிராம் பறவை 45-க்கு வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மற்ற ஊர்களில் பறவை பார்க்கும் மருத்துவரை வாங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். எச்சப் பரிசோதனை கட்டாயம். கிளிக் காய்ச்சலுக்கும் அலகு-இறகு நோய்க்கும் பிசிஆர் சோதனை (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கிடைத்தால் செய்துவிடுங்கள்.

கடைகளில் "தண்ணியில கலந்து விடுங்க" என்று மஞ்சள் நிற மருந்துப் பொடி கொடுப்பார்கள். வாங்காதீர்கள். பறவை எவ்வளவு குடிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. கசப்பினால் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும், அரைகுறை மருந்தில் நோய் ஒளிந்துகொள்ளும், சோதனையில் சிக்காமலும் போகலாம்.

உங்கள் பழைய பறவையின் முந்தைய ஜோடி காரணம் தெரியாமல் இறந்திருந்தால், சோதனை பழையதற்கும் வேண்டும். நோய் எந்தப் பக்கமிருந்தும் வரலாம்.

தீனியில் முதல் வாரம் கடைக்காரர் கொடுத்ததையே கொடுங்கள். பிறகு தினை, சாமை, கொஞ்சம் ஓட்ஸ், தினம் ஒரு கீரை என்று மெதுவாக மாற்றி, பழைய பறவை தின்னும் உணவுக்கே கொண்டுவாருங்கள். பின்னால் ஒரே தட்டில் தின்ன அது உதவும். இந்த நாட்களில் இரண்டும் சுவர் தாண்டி ஒன்றுக்கொன்று குரல் கொடுக்கத் தொடங்கும். அறிமுகம் உண்மையில் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

எதிரெதிர்க் கூண்டு: 10 முதல் 14 நாள்

இந்தக் கட்டத்தைத் தீபாவளி வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். வெடிச் சத்தத்தில் அரண்ட பறவை எதிரே இருப்பதைக் கொத்தும்.

புதுக் கூண்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பழைய கூண்டிலிருந்து 6 அடி தள்ளி வையுங்கள். இரண்டு கூண்டிலும் மேல் குச்சி ஒரே உயரத்தில் இருக்கட்டும். உயரத்தில் உட்காரும் பறவை அதிகாரம் காட்டத் தொடங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை 1 அடி நெருக்குங்கள். 1 அடி இடைவெளிக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். கூண்டுகளை ஒட்டி வைக்கவே வேண்டாம். ஒன்று பக்கத்துக் கூண்டின் கம்பியில் தொற்றும்போது மற்றது உள்ளிருந்து விரலைக் கடித்துவிடும்.

காலைத் தீனியை இரண்டுக்கும் ஒரே நேரத்தில், எதிர்ப்பக்கக் கம்பியை ஒட்டியே வையுங்கள். இரண்டும் அந்தப் பக்கத்துக்கு வந்து தின்று, அங்கேயே உட்கார்ந்து இறகு கோதினால் நல்ல சகுனம். இறகை உடம்போடு ஒட்டி ஒல்லியாக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து கம்பியை நோக்கிப் பாய்ந்தால் 2 அடி பின்னால் தள்ளி மூன்று நாள் விடுங்கள். கடைசி நான்கு நாளில் தினம் அரை மணி நேரம் கூண்டு மாற்றுங்கள்: பழையது புதியதன் கூண்டில், புதியது பழையதன் கூண்டில். "இது என் வீடு" என்ற பிடி அதில் கொஞ்சம் தளரும். பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை அந்தப் பிடியால் வருபவைதான்.

யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திப்பு

பழைய பறவை இதுவரை விளையாடாத அறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கதவைத் திறக்கும் முன்:

- மின்விசிறியை நிறுத்தி, இறக்கை முழுதாக நின்றபின் சுவிட்ச் மேல் ஒரு டேப் ஒட்டுங்கள். நம் வீடுகளில் வெளியே விடப்படும் பறவைகளுக்கு முதல் எமன் சீலிங் ஃபேன்தான்.
- ஜன்னலைச் சாத்தித் திரை போடுங்கள். நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடுங்கள்.
- வாளித் தண்ணீர், கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் அறையில் வேண்டாம்.
- உள்ளங்கை அகல அட்டைத் துண்டு ஒன்று, சின்னத் துண்டு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

காலைத் தீனியை ஒரு மணி நேரம் தாமதப்படுத்தி, மேசையில் 2 அடி இடைவெளியில் இரண்டு தட்டு வையுங்கள். வேகவைத்த மக்காச்சோளம், கொத்தமல்லித் தழை போதும். இரண்டு கூண்டுக் கதவையும் திறந்துவிட்டு நீங்கள் ஒதுங்கி உட்காருங்கள். பறவைகள் தாமாக வரட்டும், ஒன்றைக் கொண்டுபோய் மற்றதன் முன் வைக்காதீர்கள். ஒன்று உங்கள் தோளில் இருக்கும்போது மற்றதை அழைக்காதீர்கள். பழைய பறவைக்கு உங்கள் தோளும் அதன் எல்லைக்குள் வரும் இடம்தான்.

முதல் நாள் 15 நிமிடம். அடுத்த பத்து நாளில் ஒரு மணி நேரம் வரை கொண்டுபோங்கள். அலகோடு அலகு தட்டி வாள்சண்டைபோல் மோதுவது அளவு பார்ப்பது, விட்டுவிடலாம். ஒன்று வந்ததும் மற்றது ஓர் அடி நகர்ந்துபோவதும் பரவாயில்லை. தலையைத் தாழ்த்தி மற்றதன் காலைக் குறிவைத்து ஓடினால் உடனே நடுவில் அட்டையைச் செருகுங்கள். வெறுங்கையை நீட்டினால் கடி உங்களுக்கு, பிறகு கையைக் கண்டாலே பறவை மிரளும். ஒன்று மற்றதன் விரலைப் பிடித்துத் தொங்கினால் துண்டைப் போட்டுப் பிரித்து, அன்றைய சந்திப்பை முடித்து, இரண்டு படி பின்னால் போங்கள்.

ரத்தம் வந்தால் அலட்சியம் வேண்டாம். 50 கிராம் பறவையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 5 மில்லி, ஒரு டீஸ்பூன். நகத்தில் கசிந்தால் சோளமாவை அழுத்தி இரண்டு நிமிடம் பிடியுங்கள். நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் ஓடுங்கள்.

தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஒன்று தலையைச் சாய்த்துக் கொடுக்க மற்றது கன்னத்து இறகைக் கோதிவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். சில ஜோடி மூன்றாம் நாளே இங்கே வந்துவிடும், சிலவற்றுக்கு ஐந்து வாரம் ஆகும்.

ஒரே கூண்டுக்கு

முடிந்தால் இரண்டுக்கும் புதியதாக ஒரு கூண்டு வாங்குங்கள். நீளம் 30 அங்குலம், அகலம் 18, உயரம் 18 என்பது குறைந்தபட்சம். உயரத்தைவிட நீளம் முக்கியம். கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பழைய கூண்டையே பயன்படுத்தினால் நன்றாகக் கழுவி, வேறு சுவர்ப் பக்கம் மாற்றி, குச்சி, பொம்மை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். முட்டையிட வைக்கும் பானை, பிரீடிங் பாக்ஸ், துணிக் கூடாரம் எதுவும் உள்ளே வேண்டாம். ஒளியும் இடம் ஒன்றே ஒன்று இருந்தால் அதற்காகவே சண்டை வரும், மாட்டிக்கொண்ட பறவைக்குத் தப்பிக்க வழியும் இருக்காது.

மூன்று தீனிக் கிண்ணம், இரண்டு தண்ணீர்க் கிண்ணம், எதிரெதிர் மூலைகளில். பறவை இரண்டுதானே என்று குறைக்காதீர்கள், ஒன்று ஒரு கிண்ணத்தைக் காவல் காத்தாலும் மற்றதற்குத் தின்ன இடமிருக்க வேண்டும். மேல் மட்டத்தில் ஒரே உயரத்தில் இரண்டு குச்சி.

நீங்கள் முழுநாளும் வீட்டில் இருக்கும் விடுமுறைநாள் காலையில் தொடங்குங்கள். புதுப் பறவையை முதலில் விட்டு இரண்டு மணி நேரம் அது இடத்தைப் பழகிய பிறகு பழையதை விடுங்கள். மாலையில் அவரவர் பழைய கூண்டுக்கே திருப்புங்கள். இப்படி ஐந்து நாள் சண்டையில்லாமல் கழிந்தால் இரவும் சேர்த்து விடலாம். இரவில் மங்கலான சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். இருட்டில் அரண்டு படபடக்கும்போதுதான் அடிபடும். இரண்டின் எடையையும் இன்னும் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருங்கள். கண்ணுக்குச் சமாதானமாகத் தெரிந்தும் ஒன்று மட்டும் இளைத்துக்கொண்டே போனால் அதைத் தின்ன விடாமல் மற்றது விரட்டுகிறது என்று பொருள். காலியான கூண்டை உடனே விற்றுவிடாதீர்கள்.

இரண்டு மாதம் கழித்து திடீரென்று அடித்துக்கொண்டால்

நன்றாக இருந்த ஜோடி இப்படி மாறினால் பெண் பருவத்துக்கு வந்திருக்கும், அல்லது இரண்டுமே பெண்ணாக இருக்கும். காகிதம், ஓலை, இருண்ட மூலை எதையும் கொடுக்காதீர்கள். மாலை 7 மணிக்குத் துணி போர்த்தி 11, 12 மணி நேர இருட்டு கொடுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் 10 மணி வரை விழித்திருக்கும் பறவைக்கு உடம்பு எப்போதும் இனப்பெருக்கக் காலம் என்றே கணக்குப் போடும். கொழுப்பான சூரியகாந்தி விதையை நிறுத்துங்கள்.

முட்டை வந்துவிட்டால் எடுத்து எறியாதீர்கள், எடுக்க எடுக்க இன்னும் இடும். குஞ்சு வேண்டாமென்றால் முட்டையை வேகவைத்து ஆறவைத்து அதே இடத்தில் திருப்பி வையுங்கள். மூன்று நான்கு வாரம் அடைகாத்துவிட்டு அதுவே விட்டுவிடும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு எப்போதும் தொங்கட்டும். பெண் தரையில் உப்பி உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தால் முட்டை சிக்கியிருக்கிறது. மறுநாள் வரை காத்திருக்கும் விஷயமில்லை அது.

சேரவே சேராவிட்டால்

எட்டு வாரம் முயன்றும், இரண்டு முறை ரத்தம் பார்த்தும் முன்னேற்றமில்லையென்றால் ஒரே கூண்டு என்ற எண்ணத்தைக் கைவிடலாம். 1 அடி இடைவெளியில் இரண்டு கூண்டு, ஒரே நேரத்தில் தீனி, உங்கள் கண் முன்னே தினம் ஒரு மணி நேரம் வெளியே. பல பறவைகள் இப்படியே ஆயுள் முழுக்க ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொண்டு, ஒரே பக்கக் கம்பியில் சாய்ந்து தூங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கின்றன. துணிப் போர்வையை இரண்டு கூண்டுக்கும் சேர்த்து ஒன்றாகப் போடாமல் தனித்தனியாகப் போடுங்கள், இருட்டில் ஒன்று கம்பியைத் தாண்டிக் கால் நீட்டாது.